நீ பாடாமல் விட்ட ஐந்து பாட்டுகள்

மகனுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போகும் நடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான் சுகமா என்று நீ கேட்பதில்லை. "அப்பா சாப்பிட்டவரோ" என்று மட்டும் அவளிடம் கேட்கிறாய். ஓம், சாப்பிட்டேன்.

இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. தனியாக எழுதினால் நீ வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். பதிலுக்குக் காத்திருப்பவன் நானாக இருப்பேன். அச்சில் வந்தால் கொழும்பில் உன் நண்பர்கள் வாசிப்பார்கள். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த ஊர்க்காரர் வாசிப்பார்கள். "என்ன, உங்கட அப்பா இப்பிடி எழுதியிருக்கிறார்" என்று உன்னைக் கேட்பார்கள். உன்னால் தப்ப ஏலாது. நாலு வருடமாக என்னை ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறாய். நீயும் கொஞ்சம் மூலையில் நின்று பார்.

போன ஞாயிறு நீ சொன்னவற்றை அம்மா எனக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் எனக்குச் சரியாக விளங்கவில்லை. அது ஏன் என்று பிறகு எழுதுகிறேன். விசா வந்துவிட்டதாம். அடுத்த மாதம் நீயும் மருமகளும் மெல்பேர்ணுக்குப் போகிறீர்களாம். ஊருக்கு வந்துபோக நேரமில்லையாம், அம்மாவைக் கொழும்புக்கு வரச் சொன்னாயாம். "அப்பா வந்தா வரட்டும், அவருக்குக் கரைச்சல் குடுக்காதேங்கோ" என்றாயாம். இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். கடைசியாகச் சொன்னாயே ஒன்று, அலுமாரிக்கு மேலே இருக்கிற கிற்றாரை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ என்று, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கொடுக்க மாட்டேன். அது உன்னுடையது என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் எனக்குரிய ஐந்து பாட்டுகள் இருக்கின்றன.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நீயும் வாசி. உனக்குத் தெரியும் என்று நினைப்பதில் பாதி உனக்குத் தெரியாது.

நான் மூதூர் லாஞ்சில், ஆட்களை ஏற்றிப் போகும் படகில், எஞ்சின்காரனாக இருந்தவன். திருகோணமலையிலிருந்து மூதூர், மூதூரிலிருந்து திருகோணமலை. எங்கள் துறைமுகத்தை வெளியூர்க்காரர் அழகு என்பார்கள். வேலை செய்கிறவனுக்கு அது சுற்றிலும் மலை அடைத்த ஒரு தண்ணீர்த் தொட்டி. என் வயதுக் காலம் முழுவதும் கடலில் இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் குடாவைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. அதுவும் மேலே நின்று காற்று வாங்கிக்கொண்டு இல்லை. எஞ்சின் அறைக்குள், வெக்கையில், பக்கத்தில் நிற்பவனின் குரல் கேட்காத இரைச்சலில். கரைக்கு வந்தபின்னும் அந்த இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதைவிடச் சத்தமான, ஆனால் ஒழுங்கான ஒன்றைக் கேட்பது. அப்படித்தான் றொக் பாட்டு எனக்குள் வந்தது. கோயில் ஒலிபெருக்கியும் சினிமாப் பாட்டும் எஞ்சினிடம் தோற்றுப்போயின. கிற்றார் தோற்கவில்லை.

கசெட்டுகள் கப்பல்காரரிடமிருந்து வந்தன. செவ்விளநீருக்கும் இடுப்பில் உடுக்கும் சாரத்துக்கும் மாற்றாகத் தருவார்கள். கடைகளில் விற்காத கசெட்டுகள். ஏதோ ஒரு குளிர் ஊரில் நாலு பேர் சேர்ந்து, ஒரு கம்பனியும் கேட்காமல், தாங்களே பாடி, தாங்களே பதிந்து, மட்டையில் தாங்களே படம் வரைந்த கசெட்டுகள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஆங்கிலம் தெரிந்தது, அந்தப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்த தாள்களால்தான். அதனால்தான் நான் வெள்ளைக்காரரோடு கதைத்தால் காதலில் தோற்றவன் முறையிடுவதுபோல் இருக்கும் என்று நீ பகிடி பண்ணுவாய். ஆங்கிலமும் இல்லாத பாஷைகளில் வந்தவற்றுக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. மட்டையில் இருக்கும் படம்தான் பெயர். குடை, பாலம், நனைந்த நாய், ஒருவரும் உட்காராத கதிரை.

'கதிரை' எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்லவில்லை. ஒரு கப்பல் ஏதோ வழக்கில் அகப்பட்டுத் துறைமுகத்துக்குள் மாதக்கணக்காக நின்றது. ஆட்களைக் கரையில் இறங்க விடவில்லை. எங்கள் லாஞ்சு அதன் பக்கத்தால் போகும். பின்னேரங்களில் அவர்களில் மூன்று பேர் மேல்தட்டில் இருந்து வாசிப்பார்கள். ஒருவனிடம் கிற்றார், ஒருவனிடம் இன்னொரு கிற்றார், மூன்றாமவன் பெயின்ற் வாளியில் தட்டுவான். முதலில் வேகத்தைக் குறைத்தேன். பிறகு ஒருநாள் எஞ்சினையே நிறுத்திவிட்டேன். லாஞ்சு தண்ணீரில் சும்மா மிதந்தது. மேலேயிருந்து சுக்கான்காரர் கத்தினார். எஞ்சின் சூடாகிவிட்டது என்றேன். மூதூருக்குக் கூடை கொண்டுபோன ஒரு மீன்காரி எட்டிப் பார்த்து, "தம்பி, உன்ர எஞ்சின் ஆற ஆற என்ர மீன் நாறுது" என்றாள். பாட்டு முடியும்வரை நான் எஞ்சினைத் தொடவில்லை. லாஞ்சில் ஒருவரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கிற்றார்க்காரன் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். எஞ்சின் நின்றதை அவன் கவனித்திருக்கிறான். மறுநாள் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினான். அதற்குள் கதிரைப் படம் போட்ட கசெட் ஒன்று இருந்தது. அவர்கள் தங்கள் ஊரில் பதிந்தது. நான் கேட்ட ஷோக்களிலேயே சிறந்தது எது என்று எவன் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அகப்பட்டுக் கிடந்தவர்கள் வாசித்தார்கள், அகப்பட்டுக் கிடந்தவன் கேட்டேன். இடையில் ஒரு சத்தமும் இல்லை.

அந்தக் கசெட்டைத் தூக்கிக்கொண்டு நியாஸின் கடைக்குப் போனேன். உட்துறைமுக வீதியில் நியாஸ் றேடியோ திருத்துகிறவன், கிண்ணியாக்காரன், என்னைப்போல் இதே பைத்தியம். அங்கே ராஜி டீச்சர் இருந்தா. நிலாவெளியிலிருந்து வந்து கணக்குப் படிப்பித்தவ; திருத்தக் கொடுத்த றேடியோவை எடுக்க வந்த இடத்தில் ஒருநாள் 'பாலம்' கேட்டுவிட்டு, அதன் பிறகு போகாமல் மூன்றாம் ஆளாகிவிட்டா. நாங்கள் 'கதிரை'யைப் போட எடுத்த நேரம் வீதியில் ஆட்கள் ஓடினார்கள். ஊரடங்கு. நியாஸ் இரும்புக் கதவை இழுத்து மூடினான். நாங்கள் மூன்று பேரும் உள்ளே.

ரோந்து வந்த ஆமிக்காரர் வெயிலுக்குத் தப்ப எங்கள் கடைத் தாழ்வாரத்தில்தான் நின்றார்கள். தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள் காலில் இருந்த சப்பாத்துகள். மூன்று பேர் பூட்டிய கடைக்குள் கதைத்தால் அதற்கு அந்தக் காலத்தில் வேறு பெயர். வாயைத் திறக்க வழியில்லை. நியாஸ் ஸ்பீக்கரைத் தலையணைக்குக் கீழே வைத்து, ஓர் எறும்புக்குக் கேட்கும் அளவில் கசெட்டைப் போட்டான். பயத்தில் செய்தானா, பயம் போகச் செய்தானா என்று நான் கேட்டதில்லை. முதற்பக்கம் முடிந்ததும் மெஷின் 'டக்' என்று நின்றது. வெளியே ஒரு சப்பாத்து அசைந்தது. கசெட்டைத் திருப்பிப் போட்டால் மறுபடி ஒரு 'டக்'. ஒருவரும் அசையவில்லை. அந்தப் பாதிக் கசெட்டோடு வெயில் சாயும்வரை இருந்தோம். தண்ணீர் குடிக்கவில்லை, இருமவில்லை. அவர்கள் நடந்துபோன பிறகுதான் நியாஸ் திருப்பிப் போட்டான். மகனே, அந்த இரண்டாம் பக்கத்தைப்போல் ஒன்றை நான் அதன் பிறகு கேட்டதில்லை. முடிந்ததும் டீச்சர் தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டா. ஒரேயொரு தட்டு. பூட்டிய கடைக்குள் அது எப்படிக் கேட்டது என்று எழுத எனக்குத் தெரியாது. தெருவில் நாய் குரைத்தது. போன சப்பாத்துகள் நின்றன. நியாஸ் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்தபடியே இருந்தான். பிறகு சப்பாத்துகள் மறுபடி நடந்தன.

எங்கள் வழக்கம் அங்கேதான் பிறந்தது. கசெட் ஓடும்போது கதையில்லை, கைதட்டல் இல்லை. பக்கம் திருப்பும்போது தேத்தண்ணி மட்டும். முழுவதும் முடிந்த பிறகு எவ்வளவும் கதைக்கலாம். பாதி கேட்டவன் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. நிலைமைகள் மாறின, ஊரடங்குகள் போயின, கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது, பாதைகள் திறந்தன, லாஞ்சு நின்றது, நான் கரையில் படகு எஞ்சின்கள் திருத்தப் போனேன். வழக்கம் மட்டும் போகவில்லை.

கதைக்கத் தொடங்கினால் எங்களைப்போல் கதைத்தவர்களும் இல்லை. 'பாலம்' பெரிதா 'கதிரை' பெரிதா என்று நியாஸும் நானும் பிடித்த சண்டையில் அவன் கடைக்கு வந்தவர்கள் தங்கள் றேடியோக்களை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டீச்சர் ஒருநாள், "அண்ணன், கோவிக்காதேங்கோ. 'கதிரை' சாதாரணக் கசெட். நீங்கள் கேட்டது பயந்தவன்ர காதால" என்றா. நான் எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை ஏற்கவில்லை. பயந்தவனுக்குத்தான் காது சரியாக வேலை செய்யும். ஏமாந்த கதையும் உண்டு. கடற்கரை ஹொட்டேல் ஒன்றில் வெளிநாட்டுக் குழு பாடுகிறது என்று நியாஸ் ரிக்கற் எடுத்தான். மூன்று பேரும் நல்ல உடுப்புப் போட்டுப் போனோம். மூன்றாம் பாட்டில் பாடகன் போத்தலைத் தூக்கித் தண்ணீர் குடித்தான், பாட்டு நிற்கவில்லை. பதிந்ததை ஓடவிட்டு வாயசைத்திருக்கிறான். நியாஸ் என் காதில், "தண்ணி குடிச்சிக்கிட்டே பாடுறானே மச்சான், பெரிய ஆள்தான்" என்றான். அங்கும் நாங்கள் கடைசிவரை இருந்தோம். முடியும்வரை ஒரு சொல் சொல்லவில்லை. வீடு வரும் வழியெல்லாம் சொன்னோம்.

நீ இதற்குள்தான் வளர்ந்தாய். நாலு வயதில், கசெட்டில் ஒரு பாட்டு முடிந்ததும் சிரித்துக்கொண்டு கைதட்டினாய். நான் பாய்ந்து உன் கைகளைப் பிடித்தேன். நீ பயந்து அழுதாய். அம்மா என்னை ஏசினாள். அதற்கு நான் இன்றைக்கும் வருந்தவில்லை. நான் யோசித்துப் பிடிக்கவில்லை, என் கைகள் பிடித்தன. கடைக்குள் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். சொல்லியிருந்தால் நீ எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பாய். பரிதாபத்தோடு இருப்பவனுக்குப் பாட்டுக் கேட்காது.

பிறகு நீ கொழும்பில் நாலு பொடியன்களோடு சேர்ந்து குழு அமைத்தாய். 'கறள்' என்று பெயர் வைத்தாய். ஆணியில் பிடிக்கும் கறளை ஒரு குழுவுக்கு வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். உப்புக் காற்றில் என் கையோடு வாழ்ந்த சொல் அது. எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். தமிழில் பத்துப் பாட்டு, எல்லாம் சொந்தப் பாட்டு, எந்தக் கம்பனியும் இல்லை. முதன்முதலாக எங்கள் ஊர் மண்டபத்தில் பாட வந்தாய். முன்வரிசையில் எங்களுக்குக் கதிரை போட்டாய். நியாஸ், டீச்சர், அம்மா, நான். எங்களுக்குத் தெரிந்த ஒரே வகையில் உனக்கு மரியாதை செய்தோம். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தோம்.

நாங்கள் யோசிக்காதது ஒன்று. எங்கள் ஊரில் பின்னால் இருப்பவர்கள் முன்வரிசையைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். பெரியவர்கள் எழுந்தால் எழுவார்கள், சிரித்தால் சிரிப்பார்கள். முதற்பாட்டு முடிந்தது. மண்டபம் எங்கள் முதுகுகளைப் பார்த்தது. நாங்கள் அசையவில்லை. பின்னால் ஒருவன் தட்டத் தொடங்கி, தனியே தட்டுவது தெரிந்து நிறுத்திவிட்டான். இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. மின்விசிறியின் சத்தம் மட்டும். அம்மாவின் கை மடியில் துடித்ததை நான் கண்டேன்; அவள் என்னைப் பார்த்தாள், நான் மேடையைப் பார்த்தேன். ஐந்தாவது முடிந்ததும் நீ மைக்கில் வந்து, "ஊரில பாடுறது கஷ்டம் எண்டு சொன்னவங்கள்" என்றாய். "அவ்வளவுதான். நன்றி" என்று கிற்றாரின் வயரைக் கழற்றினாய். பத்தில் ஐந்து. நான் பக்கம் திருப்புகிறாய் என்று நினைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வருவாய் என்று நினைத்தேன். ஆட்களும் அம்மாவும் எழுந்து போன பிறகும் நாங்கள் மூன்று பேரும் கதிரையில் இருந்தோம். மண்டபக் காவலாளி வந்து, "ஐயா, முடிஞ்சுது, கதவு பூட்டவேணும்" என்று சொன்ன பிறகுதான் எழுந்தோம்.

வீட்டில் நீ என் முன்னால் நின்று கேட்டாய். "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அப்பா. நல்லாயில்லை எண்டாவது சொல்லுங்கோ."

"முடிச்சிட்டுக் கேள்" என்றேன்.

நீ கிற்றாரை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு விடிய முதல் பஸ்ஸுக்குப் போனாய். நான் சொன்னதை மறுப்பு என்று நினைத்தாய். நான் கேட்டது மிச்சத்தை. அதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை. மோசமான கசெட்டுக்கு இரண்டாம் பக்கம் கேட்கிறவன் இல்லை நான். ஹொட்டேல்காரனிடம் நான் மிச்சம் கேட்டேனா? இல்லை. நீ அதை யோசித்திருக்க வேண்டும். என் வீட்டில் வளர்ந்தவன் நீ.

நியாஸ் மறுவாரமே வழக்கத்தை உடைத்தான். உனக்குத் தொலைபேசி எடுத்து, பாட்டுகள் நல்லாயிருந்தன என்று சொல்லிவிட்டான். நீ, "அப்பா சொல்லட்டும் மாமா" என்று வைத்துவிட்டாயாம். அவனோடு நான் பல மாதம் கதைக்கவில்லை. பிறகு அவனே வந்தான், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தோடு, படியேற முடியாமல், கீழே நின்று கத்தினான்: "மச்சான், ஒரு வார்த்த சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சி போகும்? அது பாதிக் கசெட் இல்ல, ஒண்ட புள்ள." நான் சன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டு அதன் பின்னால் நின்றேன். அவன் போகும்வரை நின்றேன். உன் குழு கலைந்தது என்று அதன்பின் கேள்விப்பட்டேன். உனக்குக் கணினி வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் இரண்டு பேரும் ஆட்களுக்கு முன்னால் சிரித்துப் படம் எடுத்தோம். அந்த ஐந்து பாட்டை மட்டும் நீ எங்கும் பாடவில்லை, பதியவில்லை. முதல் ஐந்தைப் பற்றி நான் எங்கும் கதைக்கவில்லை. நீ என் சொல்லுக்குக் காத்திருந்தாய், நான் உன் பாட்டுக்குக் காத்திருந்தேன். அன்றைக்காவது தாழ்வாரத்தில் ஆட்கள் நின்றார்கள். இப்போது வீதியில் ஒருவரும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறோம்.

அம்மா இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள், பிடிவாதம் என்று. "பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொன்னா உங்கட வாய் தேஞ்சு போகுமோ?" என்பாள். வழக்கத்தை விட்டால் அந்த மூன்று பேரும் தகரக் கதவுக்குள் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டேன். அவள், "என்ர கதைக்கும் ஒரு இரண்டாம் பக்கம் இருக்கு. அதை நீங்கள் கேட்டதேயில்லை" என்றாள். அன்றைக்கு அவள் சொல்லச் சொல்ல முழுவதும் இருந்து கேட்டேன். நீண்ட கதை. மருமகளோடு வாழப் போகிற இடத்தில் உனக்கு நான் தரக்கூடிய புத்தி இது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை சொல்லி முடியும்வரை வாயைத் திறக்காதே, எழுந்து போகாதே. முடிந்த பிறகு உன் கட்சியைப் பேசு. பாதியில் வயரைக் கழற்றும் பழக்கம் மேடையோடு நிற்கட்டும்.

இனி, அம்மா இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்த காரணம். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நானே சொல்கிறேன், அவளைக் குறை சொல்லாதே. எனக்குக் காது போகிறது. போன வருடம் குயில் வரவில்லையே என்று அம்மாவிடம் கேட்டேன். அது தலைக்குமேல் மாமரத்தில் இருந்து கூவிக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சின்னப் பெட்டி போன்ற அறைக்குள் இருத்தி, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைத் தந்து, சத்தம் கேட்டால் அமத்தச் சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். கனத்த கதவு. வெளியே ஒன்றும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை, என் காதுக்குள் பழைய லாஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கவனமாக இருந்தேன். அசையாமல் இருக்க எனக்குப் பழக்கம் உண்டு. கடைசியில் காதைச் சோதித்த பிள்ளை கதவைத் திறந்து, "ஐயா, ஏன் இரண்டொரு தரம்தான் அமத்தினீங்கள்?" என்று கேட்டாள்.

"இன்னும் சரியாத் தொடங்கேல்லத்தானே, பிள்ளை."

"முடிஞ்சுது ஐயா" என்றாள்.

கீச்சென்ற மேல் சத்தங்கள் முதலில் போகுமாம். என் விஷயத்தில் போய்விட்டன. ட்ரம்மின் தாளத்தட்டு, கேத்தல் கொதிக்கும் விசில், உன் அம்மாவின் காப்பு, எல்லாம் போய்விட்டன. மிச்சமும் போகும், எவ்வளவு காலத்தில் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஒரு மெஷின் தந்தார்கள். அதில் ஆட்கள் கதைப்பது கேட்கிறது. பாட்டைப் போட்டால் தகர டப்பாவில் கல் உருட்டுவதுபோல் இருக்கிறது. அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் மேல்வீட்டுச் சன்னலால் துறைமுகம் தெரியும், உனக்குத் தெரியும். கப்பல்கள் வருகின்றன, போகின்றன, சங்கு ஊதுகின்றன என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அவை சத்தமில்லாமல் நகர்கின்றன. 'கதிரை'யைப் போட்டுப் பார்த்தேன். பாதிதான் கேட்கிறது. பரவாயில்லை, அதன் மற்றப் பாதி எனக்கு மனப்பாடம். உன்னுடைய மற்றப் பாதிதான் எனக்குப் பாடமில்லை. ஒருதரமும் கேட்காததை எப்படி ஞாபகம் வைப்பது?

இதை இரக்கம் வாங்க எழுதவில்லை. கணக்குத் தீர்க்க எழுதுகிறேன். மெல்பேர்ண் போகுமுன் ஊருக்கு வா. மண்டபம் வேண்டாம், மைக் வேண்டாம், மற்றப் பொடியன்கள் வராவிட்டாலும் காரியமில்லை. கிற்றார் தயாராக இருக்கிறது. உப்புக் காற்றுக்குக் கம்பி கறள் பிடிக்கும். அதனால் நாலு வருடமாக அவ்வப்போது கழற்றி, எண்ணெய் பூசி, பழையதற்குப் புதியது மாற்றி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன், தெரியுமாம். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிற்றாரின் மரத்தில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திப் பார்த்தேன். எஞ்சினுக்குள் என்ன கோளாறு என்று அறிய நாங்கள் செய்யும் வேலை அது. நன்றாகக் கேட்கிறது மகனே. ஆஸ்பத்திரி மெஷினைவிட நன்றாகக் கேட்கிறது. நீ வாசிக்கும்போது நான் உனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அப்படித்தான் கேட்பேன். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். சிரிக்கக்கூடாது.

நியாஸைத் தூக்கிக்கொண்டாவது மேலே கொண்டுவருவேன். டீச்சருக்குச் சொல்லி அனுப்புவேன். ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். என்னிடம் அதை எதிர்பாராதே. இந்த வயதில் என் கைகளுக்கு அது வராது. ஆனால் பத்தாவது பாட்டு முடிந்ததும் நான் கதைப்பேன். நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டாவது பாட்டின் தொடக்கம் ஏன் பிழை, ஐந்தாவதில் ட்ரம்காரப் பொடியன் எங்கே அவசரப்பட்டான், எல்லாம் இருக்கிறது. மூன்றாவது பாட்டில், எல்லா வாத்தியமும் நின்றபின் நீ தனியாக ஓர் அடியை எடுத்தாய் அல்லவா, அந்த இடத்தில் நான்—

இல்லை. முடிச்சிட்டுக் கேள்.

அப்பா